வீட்டில் செய்யும் சோப்பு, நலங்கு மாவு, கண்மை: விற்க என்ன உரிமம், என்ன சோதனை?

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் சோப்பு, நலங்கு மாவு, கூந்தல் தைலம், கற்றாழை கிரீம், கண்மை செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறார். இப்போது ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுக்கத் தயார், ஆனால் லைசென்ஸ் நம்பர் இல்லாமல் அலமாரியில் வைக்க முடியாது என்கிறார். உத்யம் பதிவும் ஜிஎஸ்டியும் போதாதா? எல்லாம் இயற்கைப் பொருள்தானே, சோதனை எதற்கு? தெரிந்தவர் ஒருவர் கிலோ கணக்கில் தரும் முகம் வெளுக்கும் கிரீமைத் தன் பெயரில் டப்பாவில் அடைத்து விற்கலாமா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது உயிர் சம்பந்தப்பட்டது. அந்தக் கிரீமைத் தொடாதீர்கள். வாங்கி வைத்திருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் பூசாதீர்கள்.

லேபிள் இல்லாமல், என்ன சேர்த்திருக்கிறது என்று சொல்லாமல், ஓரிரு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று கைமாறும் கிரீம்களில் பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று பாதரச உப்பு, மற்றது ஸ்டீராய்டு. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல் மருத்துவர்கள் சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலரும் இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. 2023ல் இது வெளியே வந்தது. அதே ஆண்டில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது. நம் விதிகளில் கண்ணுக்கல்லாத எந்த அழகுசாதனப் பொருளிலும் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 1 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு கிலோ கிரீமில் ஒரு மில்லிகிராம். ஸ்டீராய்டு களிம்புகளோ மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. 2018ல் பல ஸ்டீராய்டுகள், மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டதும் இந்த முகப்பூச்சுப் பழக்கத்தைத் தடுக்கத்தான்.

சட்டப்படியும் இதில் தப்ப வழியில்லை. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் 'உற்பத்தி' என்ற சொல்லுக்குள் விற்பனைக்காகப் பிரித்து அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் அடங்கும். டப்பாவில் உங்கள் பெயரை ஒட்டிய நொடியில் தயாரிப்பாளர் நீங்கள்தான். கிரீம் கொடுத்தவர் யாரென்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். போலி அல்லது கலப்பட அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்றதற்கு 27-ஏ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சோப்பு பேஸ் வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுகிறவர்களுக்கும், டின்னில் எண்ணெய் வாங்கிச் சின்ன பாட்டிலில் அடைக்கிறவர்களுக்கும் இதே விதிதான்.

இனி உரிமம். உத்யம் பதிவு நீங்கள் சிறுதொழில் செய்கிறீர்கள் என்று சொல்கிறது, ஜிஎஸ்டி வரி கட்டுகிறீர்கள் என்று சொல்கிறது. உங்கள் பொருளைத் தோலில் பூசலாமா என்று இரண்டும் சொல்வதில்லை. சிலர் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை லேபிளில் போட்டு விற்கிறார்கள். அது உணவுக்கானது, இங்கே செல்லாது. உங்களுக்கு வேண்டியது அழகுசாதனப் பொருள் உற்பத்தி உரிமம். 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் சி.ஓ.எஸ். 5 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நல்ல உற்பத்தி நடைமுறைகளைப் பின்பற்றுகிறேன் என்ற உறுதிமொழி சி.ஓ.எஸ். 7. கிடைக்கும் உரிமம் சி.ஓ.எஸ். 8. தமிழ்நாட்டில் இது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு. தலைமையகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஆனால் முதலில் உங்கள் மண்டல உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் மருந்து ஆய்வாளரைப் பாருங்கள். கட்டடத்துக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்பே, கையால் வரைந்த வரைபடத்தையாவது எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கட்டி முடித்தபின் சுவரை இடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையால் செய்தது, வீட்டில் செய்தது என்பதால் சோப்பு இந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடாது. ஒரு காலத்தில் சட்டத்தின் வரையறையிலேயே சோப்பு விலக்கப்பட்டிருந்தது உண்மை. 1982ல் செய்த திருத்தத்தில் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் 'சோப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று சொல்வது அந்த நினைவில்தான்.

இடம் விஷயத்தில்தான் வீட்டுத் தயாரிப்பாளர்கள் பலரும் மலைத்துப்போகிறார்கள். விதிகளின் ஏழாம் அட்டவணையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். எலி, பூச்சி புகாத அறை. ஆறடி உயரம் வரை வழவழப்பாக, தண்ணீர் ஊறாமல் கழுவக்கூடிய சுவர். தூசி தங்காத தரை. குடிக்கத் தகுந்த தண்ணீர். பக்கத்தில் திறந்த சாக்கடையோ புகை கக்கும் ஆலையோ இருக்கக் கூடாது. பரப்பளவும் பொருளுக்குப் பொருள் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது: பவுடர் வகைக்கு 15 சதுர மீட்டர், கிரீமுக்கு 25, கண்ணுக்கான பொருள்களுக்கு 10, டாய்லெட் சோப்புக்கு 100. சமையலறை இதில் எங்கும் பொருந்தாது. பொறுப்பில் முழுநேரத் தொழில்நுட்ப ஆள் ஒருவர் இருக்க வேண்டும். பார்மசி டிப்ளமோ படித்தவராக இருக்கலாம், வேதியியலை ஒரு பாடமாக எடுத்து இன்டர்மீடியட் நிலையில் தேறியவராகவும் இருக்கலாம். நீங்கள் அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தால் வெளியே ஆள் தேடும் முன் உங்கள் சான்றிதழையே ஆய்வாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

இவ்வளவு முதல் போட முடியாதவர்களுக்கு நேர்மையான வேறு வழி இருக்கிறது. உரிமம் உள்ள ஒரு தொழிற்சாலையின் இடத்திலும் இயந்திரத்திலும் உங்கள் பொருளை நீங்களே செய்துகொள்ளும் லோன் லைசென்ஸ். விண்ணப்பம் சி.ஓ.எஸ். 6, உரிமம் சி.ஓ.எஸ். 9. அல்லது உங்கள் செய்முறையை அவர்களிடமே கொடுத்துச் செய்து வாங்கி, அவர்களுடைய உரிம எண்ணோடு உங்கள் பிராண்டில் விற்பது. சோப்புக்கு இரண்டாவது வழிதான் உங்களுக்குச் சரிவரும் என்பது என் கருத்து. நூறு சதுர மீட்டருக்கு வாடகை கொடுத்து மாதம் ஐந்நூறு சோப்பு போட்டால் கட்டுப்படியாகாது. நலங்கு மாவை மட்டும் சிறிய பவுடர் அறை ஒன்று போட்டு நீங்களே செய்யலாம்.

கூந்தல் தைலத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய லேபிள் வாசகத்தில் 'முடி உதிர்வை நிறுத்தும், பொடுகைக் குணப்படுத்தும், வழுக்கையில் முடி வளரும்' என்று இருக்கிறது. சுத்தம் செய்வது, அழகுபடுத்துவது, தோற்றத்தை மாற்றுவது, இவ்வளவுதான் அழகுசாதனப் பொருளின் எல்லை. குணப்படுத்துகிறேன் என்று சொன்னால் அது மருந்து. பாட்டிலுக்குள் ஒரு சொட்டும் மாறாமலே, மேலே ஒட்டிய காகிதத்தால் உங்கள் எண்ணெய் வேறொரு உரிமத்தின் கீழ் போய்விடுகிறது. சித்த மருந்தாகவே விற்க விரும்பினால் அதற்கு 25-டி (D) உரிமம், டி (T) அட்டவணைப்படியான உற்பத்திக்கூடம் எல்லாம் வேண்டும். அதற்கான அலுவலகமும் வேறு, இந்திய மருத்துவத் துறை. அழகுசாதனப் பொருளாக வைத்துக்கொள்வதென்றால் 'கூந்தலுக்கு மென்மையும் பளபளப்பும் தரும்' என்ற அளவோடு நிறுத்துங்கள். இன்ஸ்டாகிராம் பதிவில் எழுதுவதும், வாடிக்கையாளர் புகைப்படத்தைப் போட்டு 'ஒரே மாதத்தில் முடி வளர்ந்தது' என்பதும் விளம்பரம்தான். லேபிளில் அடக்கமாக எழுதிவிட்டுப் பதிவில் அள்ளிவிட்டால் ஆய்வாளர் பதிவைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்.

இப்போது 'இயற்கைப் பொருள்தானே' என்ற கேள்வி. இங்கேதான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உரிமம் இருந்தும் மோசமான பொருள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கவனம் இழப்பது பெரும்பாலும் மூலப்பொருளில்.

நலங்கு மாவையே எடுத்துக்கொள்வோம். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு. இதில் வேரும் கிழங்கும் மண்ணிலிருந்து வருகின்றன. நாட்டு மருந்துக் கடையில் சாக்கில் கிடப்பது எப்போது பறித்தது, எங்கே காய்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. மொட்டை மாடியில் காயவைத்தால் மேற்பரப்பு காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அரைத்து டப்பாவில் அடைத்த பிறகு அந்த ஈரம் பயற்று மாவில் பூஞ்சையாகக் கிளம்பும். பூஞ்சைக் கிருமிகளோடு இருக்கும் மாவைப் பிறந்த குழந்தையின் தொப்புள் ஆறாத உடம்பில் தேய்க்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஈரப்பதம் பார்க்க வேண்டும். கிருமி எண்ணிக்கைக்கு உலக அளவில் பின்பற்றப்படும் ஐ.எஸ்.ஓ. வரம்பு, பெரியவர்களுக்கான பொருளில் கிராமுக்கு 1,000, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கண்ணுக்குமான பொருளில் 100. சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகள் அறவே இருக்கக் கூடாது. 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று எழுத நினைத்தால் அந்த 100க்குள் வந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

மஞ்சளைப் பற்றி ஈரோட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். கஸ்தூரி மஞ்சள் என்று கடைகளில் விற்பதில் பாதிக்கு மேல் அது இல்லை என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் சொல்வார்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உள்பகுதி வெளிர் நிறம், கற்பூர வாசனை வரும், தோலில் அழுத்தமான மஞ்சள் கறை பிடிக்காது. ஆழ்ந்த மஞ்சளாக, வட்ட வில்லைகளாக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சக்கூவை என்ற வேறொரு கிழங்கு. அது விஷமில்லை, ஆனால் லேபிளில் நீங்கள் எழுதும் பெயர் பொய்யாகிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து, நிறம் கூட்டுவதற்காகச் சாதா மஞ்சளில் கலக்கப்படும் ஈயக் குரோமேட். மஞ்சள் தூள் வாங்குவதை விட்டுவிட்டு முழுக் கிழங்காக வாங்கி, கழுவி, உலர்த்தி, நீங்களே அரையுங்கள். கிழங்கின் மேல்தோலிலும் மெருகுக்காக அதைப் பூசுவது உண்டு என்பதால், வாங்கும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஈயம் பார்க்க அனுப்புங்கள். அழகுசாதன நிறமிகளில் ஈயம் 20 பி.பி.எம்., ஆர்சனிக் 2 பி.பி.எம்., மற்ற கன உலோகங்கள் சேர்த்து 100 பி.பி.எம். என்பது விதிகளில் உள்ள உச்சவரம்பு.

நிறம் சேர்க்கும் ஆசை வந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4707 முதல் பாகத்தில் இருக்கும் நிறங்களை மட்டும் சேர்க்கலாம். கேசரிப் பவுடர் சாப்பிடுகிற நிறம்தானே என்று சோப்பில் போடுவதும், கைவினைக் கடையில் கிடைக்கும் மினுமினுப்புத் தூளை உதட்டுத் தைலத்தில் போடுவதும் கூடாது. அதே தரத்தின் இரண்டாம் பாகத்தில் அழகுசாதனத்துக்குப் பாதுகாப்பற்றவை என்று கருதப்படும் பொருள்களின் பட்டியல் இருக்கிறது. புதிதாக எதைச் சேர்ப்பதற்கு முன்பும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கற்றாழை கிரீமில் எனக்கு உண்மையிலேயே பயம். செடியிலிருந்து வழித்த சோற்றை எண்ணெயோடு அடித்து, வைட்டமின் ஈ மாத்திரையைப் பிழிந்து, 'ரசாயனப் பாதுகாப்புப் பொருள் இல்லை' என்று எழுதி விற்கிறார்கள். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்தும், கிருமியை ஒன்றும் செய்யாது. தண்ணீர் இருக்கும் எந்தப் பொருளிலும் கிருமி வளரும். கற்றாழைச் சோறு ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர், அதோடு கிருமிக்குத் தீனியான சர்க்கரையும் உண்டு. வாடிக்கையாளர் குளியலறையில் ஈரக் கையை விட்டு எடுக்கிற டப்பா பத்து நாளில் எப்படி இருக்கும்? பார்க்க நன்றாகவே இருக்கும், வாசனையும் மாறாது, ஆய்வகத் தட்டில் வைத்தால் எண்ண முடியாத அளவு கிருமிப் புள்ளிகள் முளைக்கும். அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புப் பொருளைச் சேருங்கள். ஃபீனாக்ஸிஎத்தனால் என்றால் 1 சதவீதத்துக்குள். சோடியம் பென்சோயேட் என்றால் கிரீமின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 5ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்டும் பயனில்லை. சேர்த்த பிறகு, வேண்டுமென்றே கிருமியைக் கலந்து 28 நாள் கவனிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது, சேலஞ்ச் டெஸ்ட் என்பார்கள். புது கிரீம் வெளியே போகும் முன் ஒரு முறையாவது அதைச் செய்யுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் தண்ணீரே இல்லாத எண்ணெய், மெழுகுத் தைலங்களோடு நில்லுங்கள்.

வாசனை எண்ணெய்களில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெய் வெயில் பட்டால் தோலைக் கருக்கும், கிராம்பு, பட்டை எண்ணெய்கள் சுலபமாக ஒவ்வாமை தரும். விற்பவரிடம் இஃப்ரா (சர்வதேச நறுமணப் பொருள் சங்கம்) சான்று கேளுங்கள். எந்த வகைப் பொருளில் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அதில் இருக்கும்.

கண்மையை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும் நம் பாட்டிமார் செய்ததுதான். ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைக்குச் செய்தார்கள், நீங்கள் யாரென்றே தெரியாத நூறு குழந்தைகளின் கண்ணுக்கு அனுப்புகிறீர்கள். விதியிலேயே கண்மைக்கு அடிப்படைப் பொருளைக் கிருமிநீக்கம் செய்யத் தனியாக 5 சதுர மீட்டர் இடம் பரிந்துரைத்திருக்கிறார்கள். சுர்மா கல் சேர்ப்பதாக இருந்தால் பேச்சே இல்லை, அது ஈய சல்பைடு.

சோப்பில் பெரிய ஆபத்து காஸ்டிக் சோடா. ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்கச் சுமார் 183 கிராம் தேவை. ஐந்து சதவீதம் எண்ணெய் மிச்சம் நிற்க வேண்டுமென்றால் 174 கிராம். எண்ணெயை லிட்டரில் அளந்து காஸ்டிக்கைக் கிராமில் நிறுத்தால் கணக்கு தவறிவிடும். இரண்டையும் எடையில் நிறுங்கள், தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குங்கள். டாய்லெட் சோப்பு என்ற பெயருக்கு ஐ.எஸ். 2888 தரம், மொத்தக் கொழுப்புப் பொருள் முதல் தரத்துக்கு 76 சதவீதம், மூன்றாம் தரத்துக்கு 60. அதற்குக் கீழே வந்தால் பேதிங் பார் என்ற வேறு தரத்தில்தான் சேரும்.

கடைக்காரர் கேட்பது லைசென்ஸ் நம்பர். நான் உங்களிடம் முதலில் கேட்பது பேட்ச் பதிவேடு. உரிமம் வருவதற்கு முன்பே, இன்றைக்கே தொடங்கலாம். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: பேட்ச் எண், தேதி, தேங்காய் எண்ணெய் 10 கிலோ, யாரிடம் வாங்கியது, அவருடைய லாட் எண், காஸ்டிக் 1.740 கிலோ, தூய்மை சதவீதம், நிறுத்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து, கலக்கும்போது வெப்பநிலை, வெட்டிய நாள், எத்தனை கட்டி வந்தது, எத்தனை கழிவு, பி.எச்.; எந்தெந்த வாடிக்கையாளருக்கு எத்தனை போனது. நாளைக்கு ஒரு பெண் தோல் தடித்துப்போனது என்று படம் அனுப்பினால், இந்தப் பக்கம் இருந்தால் அதே பேட்ச் வாங்கிய மற்றவர்களை அன்று மாலைக்குள் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம். இல்லையென்றால் 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று சொல்வதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு மாதிரியை எடுத்து மூடி வையுங்கள்.

லேபிளில் பொருளின் பெயர், தயாரித்த இடத்தின் முழு முகவரி, பேட்ச் எண் (சோப்புக்குத் தயாரித்த மாதமும் ஆண்டும் போதும்), உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானங்கள் அளவின் இறங்கு வரிசையில். 30 கிராம் அல்லது 60 மில்லிக்குக் குறைவான பேக்குக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத்தான் தேடுவார்கள். எம்.ஆர்.பி., நிகர எடை, புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவை எடையளவுச் சட்டத்தின் பங்கு. பின்னால் ஹேர் டை பக்கம் போனால், பாரா ஃபீனைலீன் டைஅமைன் சேர்த்தவற்றில் முன்சோதனை செய்யச் சொல்லும் எச்சரிக்கையும், இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும் பெரும்பாலும் இந்தச் சாயம்தான். மருதாணி இலை தானாகக் கறுப்பு தராது.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மூலம் அங்கே விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பரிசாக நாலு சோப்பு கொடுத்தனுப்புவது வேறு. விற்பதென்றால் அங்குள்ள நிறுவனம் ஒன்று சுகாதார அறிவியல் ஆணையத்திடம் ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், ஆசியான் நாடுகளின் பொதுவான தடைப் பட்டியலுக்கும் அது உட்பட வேண்டும். இங்கே உரிமமும் சோதனை அறிக்கைகளும் கைக்கு வந்த பிறகு அக்காவிடம் அந்தப் பேச்சை எடுங்கள். இப்போதைக்கு நலங்கு மாவில் ஒரு லாட்டுக்கு ஈயமும் கிருமி எண்ணிக்கையும் பார்க்க அனுமதி பெற்ற ஆய்வகம் ஒன்றில் கொடுத்துவிட்டு, அந்த அறிக்கையோடு உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.